சிவப்புப் ‘பஸ்ஸில்’: நிக் நைட்டின் படமும் யோஜி யமமோட்டோவின் கோட்டும்

நிழற்கோடு எழுதியது:

கடந்த ஒரு வாரமாக ஒரே ஒரு புகைப்படத்தை என் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1986ஆம் ஆண்டு பிரிட்டிஷ் புகைப்படக்காரர் நிக் நைட் எடுத்த படம் அது. ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் யோஜி யமமோட்டோவின் அவ்வாண்டுக் குளிர்காலத் தொகுப்பின் கேட்டலாக்குக்காக எடுக்கப்பட்டது. வெள்ளைப் பின்புலத்தில் ஒரு பெண் பக்கவாட்டில் நிற்கிறாள். உருவம் முழுவதும் மைக்கறுப்பு. பொத்தான் எங்கே, பை எங்கே, கை எந்த இடத்தில் தோளோடு சேர்கிறது என்று எதுவும் தெரியவில்லை. அந்தக் கறுப்பின் முதுகுப்புறத்திலிருந்து, இடுப்புக்குக் கீழே, சிவப்பு வலைத்துணி பொங்கி வெளியே வருகிறது. படத்தில் உள்ளது அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு வலைதான் தலைப்பில் சொன்ன பஸ்ஸில் (bustle). பஸ்ஸில் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்கு உள்ளே, பின்னிடுப்பில் கட்டிக்கொண்ட தாங்கி. குதிரைமுடித் திண்டு, எஃகுக் கம்பி வளையம் என்று பல வகைகள் இருந்தன. 1870களில் ஒருமுறை பரவி, சில ஆண்டுகள் ஓய்ந்து, 1880களின் நடுவில் இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. அது எப்போதும் உள்ளே இருக்கும் பொருள். வெளியே தெரிந்தால் மானக்கேடு. யமமோட்டோ அதை வெளியே இழுத்து, கண்ணைப் பறிக்கும் சிவப்பைக் கொடுத்து, கோட்டின் முதுகில் அமர்த்திவிட்டார். நைட் அதற்கு எதிர்த்திசையில் நடந்தார். வெளியே தெரிய வேண்டிய கோட்டை அவர் முழுவதுமாக இருளில் போட்டுவிட்டார். மறைய வேண்டியது தெரிகிறது, தெரிய வேண்டியது மறைகிறது. இந்த இடமாற்றத்தை வடிவமைப்பாளர் பாதியும் புகைப்படக்காரர் பாதியுமாகச் செய்து முடித்தார்கள் என்பதே என் வாதம். ஓர் உடையின் கருத்தைப் புகைப்படம் இந்த அளவுக்கு எட்டிப் பிடித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

நிழற்கோடு அம்மா அவர்களுக்கு வணக்கம். முப்பத்தோர் ஆண்டுகளாக மதுரையில் வழக்கறிஞர்களுக்குக் கோட்டு தைத்து வருகிறேன். கறுப்புத் துணியைத் தவிர வேறு துணியை நான் வெட்டிய நாள்கள் குறைவு. அந்த உரிமையில் ஒரு மறுப்பைச் சொல்கிறேன்.

இந்தப் படத்தைப் பார்த்து ஒரு தையற்காரர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு கோட்டு நல்ல கோட்டா என்பதைக் கைக்குழியில்தான் பார்ப்போம். கையை மாட்டிய இடத்தில் துணி இழுபடுகிறதா, கழுத்துப்பட்டி முதுகோடு படிந்து உட்கார்ந்திருக்கிறதா, உடலின் வளைவுக்கு ஏற்பத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவையெல்லாம் படத்தில் இல்லை. யமமோட்டோ கம்பளிக் கபர்டினில் வேலை செய்வதில் பெயர் பெற்றவர் என்று அறிவேன். கபர்டின் நெருக்கமாகச் சாய்வரி விழ நெய்த துணி. விறைப்பும் கனமும் உண்டு, ஆனாலும் விழும்போது அழகாக விழும். அந்தச் சாய்வரியின் ஓட்டம் வெட்டின் திசையை நமக்குக் காட்டிக்கொடுக்கும். நைட் அவர்கள் அத்தனையையும் மை பூசி மறைத்துவிட்டார். வேலைக்காரனின் வேலையை மறைத்த படத்தை, அந்த வேலைக்குக் கிடைத்த பெருமை என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

இருட்டறை எழுதியது:

கறுப்பு–வெள்ளைக் காலத்திலிருந்து ஸ்டூடியோவில் இருந்தவன் என்ற முறையில் ஒளியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நிழலுருவப் படம் எடுப்பது எளிது. பின்திரைக்கு நிறைய ஒளி கொடுத்து, ஆளின் முன்புறத்துக்கு ஒளியே கொடுக்காமல், திரைக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் ஆள் கறுத்துவிடுவார். ஆனால் அந்த முறையில் ஆள்மீது உள்ள எல்லா நிறமும் சேர்ந்தே கறுக்கும்; சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தாலும் கறுப்பாகத்தான் விழும். இந்தப் படத்தில் சிவப்பு மட்டும் பிழைத்திருப்பதன் அடிப்படை, துணியின் இயல்பில் இருக்கிறது. கம்பளி ஒளியை உள்ளே விடாது, தன்மேல் விழுந்த ஒளியையும் பெரும்பகுதி விழுங்கிவிடும். வலைத்துணியோ பின்னாலிருந்து வரும் ஒளியைத் தன் வழியாக விட்டு, விடும்போதே அதற்குச் சாயமேற்றி அனுப்பும். அடுக்கு கூடிய இடத்தில் சிவப்பு கனக்கும், ஓரத்தில் ஒற்றை அடுக்காக இளைக்கும் இடத்தில் வெளிறும். இரண்டு துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் யமமோட்டோ. அந்த இரண்டும் ஒளியை நடத்தும் விதத்தில் உள்ள வேற்றுமையைப் படத்தின் பொருளாக்கியவர் நைட்.

அச்சைப் பற்றியும் ஒரு சொல். ஆஃப்செட்டில் கறுப்பு மையை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய பரப்பை அடித்தால் கரும்பலகைச் சாம்பலாகத்தான் வரும். கறுப்புக்கு அடியில் வேறு மைகளும் போட்டால்தான் ஆழம் கிடைக்கும். சிவப்போ மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து பிறப்பது. கறுப்பும் சிவப்பும் சந்திக்கும் கோட்டில் அச்சுத்தட்டுகள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று தெரிந்துவிடும். இத்தகைய படத்தைத் தாளில் கொண்டுவருவது அச்சகத்தாருக்குக் கடுமையான தேர்வு. அந்தக் கேட்டலாக்கின் பக்கங்களை வடிவமைத்தவர் பீட்டர் ஸேவில், மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு இசைத்தட்டு உறைகள் செய்து பெயர் பெற்றவர். வெள்ளை இடத்தைக் கண்டு அஞ்சாதவர் என்பதால்தான் இந்தப் படத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

செம்பருத்தி எழுதியது:

எல்லோரும் கோட்டைப் பற்றியும் மையைப் பற்றியும் பேசிவிட்டீர்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு பெண் நிற்கிறார். அவர் பெயர் ஸேரா விங்கேட். அவருக்கு முகம் கொடுக்கப்படவில்லை. ஃபேஷன் படங்களில் பெண்ணைத் துணி மாட்டும் கொக்கியாக நடத்துவதைப் பற்றி எத்தனையோ காலமாகப் பேசிவருகிறோம். இந்தப் படம் அவரைக் கொக்கியாகக்கூட மதிக்கவில்லை, நிழலாக்கிவிட்டது. அதோடு, மிஞ்சிய ஒரே நிறம் எங்கே இருக்கிறது? பின்புறத்தில். பெண்ணின் முகத்தை இருட்டாக்கிப் பின்னிடுப்பை மட்டும் ஒளிரவைப்பதை நான் எப்படிக் கொண்டாடுவது? படம் அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன். நிழற்கோடு அக்கா பதில் சொல்ல வேண்டும்.

நிழற்கோடு எழுதியது:

செம்பருத்தி, உங்கள் கேள்விக்கு விரைந்து பதில் எழுத மனம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகு எழுதுகிறேன்.

யமமோட்டோ 1943 அக்டோபரில் டோக்கியோவில் பிறந்தவர். தந்தை போருக்கு அழைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். போர் விதவையான தாய் ஃபுமி, ஷின்ஜுகுவின் கபுகிச்சோ பகுதியில் தையற்கடை வைத்து மகனை வளர்த்தார். மகன் கேயோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1966இல் பட்டம் பெற்றார். பிறகு சட்டத்தொழில் வேண்டாம், கடையில் உதவியாக இருக்கிறேன் என்றபோது தாய் சினந்து, அப்படியானால் முதலில் வெட்டக் கற்றுக்கொள் என்று புன்கா ஃபேஷன் கல்லூரிக்கு அனுப்பினார். கடைக்கு வந்த பெண்களை அளவெடுத்து, அவர்கள் கேட்ட இறுக்கமான மேலைநாட்டு உடைகளைத் தைத்த அந்த நாள்களில்தான், ஆணின் கண்ணுக்காகப் பெண்ணைப் பொம்மை போல் உடுத்தும் வேலை தனக்கு வேண்டாம் என்ற முடிவு அவருக்குள் உறுதிப்பட்டது. 1972இல் வைஸ் என்ற தம் நிறுவனத்தைத் தொடங்கியபோது பெண்களுக்கு ஆண்களின் உடையைப் போன்ற ஒன்றைத் தர வேண்டும் என்பதே எண்ணமாக இருந்தது. உடலைக் குளிரிலிருந்தும் பார்வையிலிருந்தும் காக்கும் கோட்டு அவருக்கு அதனாலேயே பிடித்த உடையாயிற்று. கறுப்பைப் பற்றி அவர் சொன்னதும் இதைத்தான்: அந்த நிறம் அடக்கமும் செருக்கும் ஒருசேர உடையது, நான் உன்னைத் தொந்தரவு செய்யவில்லை, நீயும் என்னைத் தொந்தரவு செய்யாதே என்று சொல்லும் நிறம் அது.

ஆகவே முகம் தெரியாத அந்த உருவத்தைப் பார்க்கும்போது, பார்வைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க மறுத்த ஒருத்தியாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மறுத்தவர் ஸேரா விங்கேட்டா, அவருக்காக யமமோட்டோவும் நைட்டும் மறுத்தார்களா என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கிவிட முடியாது. பின்புறத்தைப் பற்றிய உங்கள் வாதம் வலுவானது. பஸ்ஸில் என்ற பொருளே பெண்ணுடலை அப்படி மிகைப்படுத்தப் பிறந்ததுதான். அதை வலையாக, காற்றாக, எடையற்றதாக ஆக்கி வெளியே விட்டதில் ஒரு விடுதலை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். எஃகுக் கூட்டைச் சுமந்த பெண்ணையும் இந்தப் பெண்ணையும் மனத்துக்குள் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

இந்த விவாத இழையைப் பிந்தித்தான் பார்த்தேன். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, ‘ஜப்பானிய’ என்ற அடைமொழியைப் பற்றி. 1981இல் யமமோட்டோவும் இன்னொரு ஜப்பானிய வடிவமைப்பாளரான ரெய் கவாகுபோவும் பாரிஸில் தங்கள் உடைகளைக் காட்டியபோது, பத்திரிகைகளில் ஒரு சாரார் அவற்றை ஹிரோஷிமாவோடு சேர்த்து எழுதினார்கள். கறுப்பும், கிழிசல் போன்ற ஓரங்களும், உடலோடு ஒட்டாத வடிவும் அவர்களுக்கு அணுகுண்டுச் சாம்பலை நினைவூட்டினவாம். டோக்கியோவிலோ இவ்வுடைகளை உடுத்திய இளைஞர்களைக் கராசு ஸோகு, அதாவது காக்கைக் கூட்டம், என்று அழைத்தார்கள். ஆனால் நம் முன்னால் இருக்கும் கோட்டைப் பாருங்கள். கிமோனோவின் சாயல் இதில் எங்கே இருக்கிறது? வெட்டு ஐரோப்பியக் கோட்டின் வெட்டு. பஸ்ஸில் பாரிஸின் பழைய சரக்கு. ஐரோப்பா தன் பரணில் போட்டு மறந்த பொருளை, கபுகிச்சோவின் தையற்கடையில் மேலைநாட்டு உடை தைத்துப் பழகிய ஒருவர் எடுத்துத் தூசி தட்டி அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறார். ஜப்பானிய அழகியல் என்று பொதுவாகப் பேசி இதைக் கடந்துபோகிறவர்கள் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டாவது, பக்கவாட்டுப் பார்வை. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ஸராவின் புகழ்பெற்ற ‘கிராந்த் ஜாத் தீவில் ஞாயிறு பிற்பகல்’ ஓவியத்தில், வலப்பக்கம் குடையோடு நிற்கும் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். முழுப் பக்கவாட்டுத் தோற்றம், பின்னே புடைத்த பஸ்ஸில், ஏறத்தாழ நிழலுருவமே போன்ற எளிய வெளிக்கோடு. அந்த ஓவியம் பாரிஸில் முதலில் காட்சிக்கு வந்தது 1886இல். நைட்டின் படம் 1986. சரியாக நூறு ஆண்டு இடைவெளியில் அதே வெளிக்கோடு திரும்புகிறது. ஒன்றைப் பார்த்து மற்றது பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பஸ்ஸிலை முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நின்றால்தான் அது உயிர்பெறும். ஓவியரும் புகைப்படக்காரரும் ஒரே நிலையைத் தேர்ந்ததற்கு உடையே காரணம்.

கறுப்புக்கோட்டு ஐயாவுக்கு ஒரு செய்தி. 2011இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் யமமோட்டோவுக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. உடைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல், பார்ப்பவர்கள் நிற்கும் அதே தரையில் பொம்மைகளுக்கு உடுத்தி நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நடந்து வரலாம். நான் அங்கே இரண்டு மணி நேரம் இருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியைப் பொம்மைகளின் முதுகுக்குப் பின்னால்தான் கழித்திருக்கிறேன் என்பது வெளியே வந்த பிறகே புரிந்தது. முன்புறத்தில் அமைதியாக இருக்கும் உடை, பின்புறம் போனால் பேசத் தொடங்கும்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

தேம்ஸ்கரை அவர்கள் முதுகைப் பற்றிச் சொன்னது என் கையில் படிந்த உண்மை. கோட்டு தொங்குவது தோளிலிருந்து என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது பின்கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உட்காருகிறது. அந்த இடத்தில் ஒரு நூல் குறைந்தால் முன்பக்கம் இரண்டும் விரிந்து ஓடும். முதுகைச் சரியாக அமைக்காவிட்டால் முன்புறம் நிற்காது என்ற கருத்தை யமமோட்டோ சொல்லியிருப்பதாக எங்கோ படித்தபோது, இவர் தாமே கத்தரி பிடித்தவர் என்று தெரிந்துகொண்டேன். எங்கள் வாடிக்கையாளர்கள் கண்ணாடிமுன் நின்று முன்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். நீதிபதிக்கு முன்னால் அவர்கள் நிற்கும்போது அரங்கில் உள்ள அத்தனை பேரும் பார்ப்பது முதுகை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்றிரவு கடையை மூடிய பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். தையலைத் தேடாமல் வெளிக்கோட்டின்மீது மட்டும் விரலை ஓட்டினேன். பின்கழுத்திலிருந்து முதுகு வழியாக இறங்கி, இடுப்பில் உள்வாங்கி, சிவப்பு தொடங்கும் இடம்வரை அந்தக் கோடு ஓரிடத்திலும் தடுக்கவில்லை. வெட்டில் பிழை இருந்தால் வெளிக்கோட்டில் அது நிச்சயம் தெரிந்திருக்கும், ஏனென்றால் வெள்ளைக்கு எதிரே நிற்கும் கறுப்பின் ஓரத்தில் ஒளித்துவைக்க இடமில்லை. உள்ளே இருப்பதை மறைத்த நைட், ஓரத்தைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்தியிருக்கிறார். என் முதல் மறுப்பில் பாதியை மீட்டுக்கொள்கிறேன். கைக்குழியைப் பார்க்க முடியவில்லை என்ற குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தச் சிவப்பு எப்படி நிற்கிறது என்பது இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பெண்பிள்ளைகளின் பட்டுப்பாவாடைக்கும் லெஹங்காவுக்கும் உள்ளே கேன்கேன் வைத்துத் தைப்பது வழக்கம். அந்த விறைப்பு வலை என் கடையிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒன்றைத் தைத்துப் பார்க்கப் போகிறேன்.

செம்பருத்தி எழுதியது:

அக்காவின் பதிலைப் பலமுறை படித்தேன். தாயின் கடையைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. அதை அறிந்த பிறகு கறுப்பைப் பற்றிய என் எண்ணம் மாறுகிறது, சிவப்பைப் பற்றிய எண்ணம் மாறவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: புகைப்படக்காரரிடம் இந்த வேலை எப்படி வந்தது? உடையைக் காட்டாத படத்தை எந்த நிறுவனம் ஏற்றுக்கொள்ளும்?

நிழற்கோடு எழுதியது:

நல்ல கேள்வி. யமமோட்டோவுக்கும் நைட்டுக்கும் நடுவில் மார்க் அஸ்கோலி என்ற கலை இயக்குநர் இருந்தார். நைட் அப்போது ஃபேஷன் புகைப்படக்காரரே இல்லை. மாணவராக இருந்தபோது லண்டனின் ஸ்கின்ஹெட் இளைஞர்களை, அதாவது தலைமுடியை ஒட்ட மழித்துக்கொண்ட இளைஞர் கூட்டத்தாரை, படமெடுத்து 1982இல் நூலாக வெளியிட்டவர். பிறகு ஐ-டி என்ற பிரிட்டிஷ் ஃபேஷன் இதழின் ஐந்தாம் ஆண்டுக்காக நூறு பேரின் உருவப்படங்களை எடுத்தார். அவற்றைப் பார்த்துத்தான் அஸ்கோலி அவரை அழைத்தார். முகங்களை எடுத்துப் பெயர் பெற்றவரைக் கூப்பிட்டு, அவர் முகமே இல்லாத படத்தைத் தந்தபோது அதை ஏற்றுக்கொண்டார்கள். கேட்டலாக் கடைக்காரர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் கொடுக்கப்படுவது. அவர்கள் உடைகளை மேடையிலும் ஷோரூமிலும் நேரில் பார்க்கக்கூடியவர்கள். அவர்களுக்குப் பொத்தானைக் காட்ட வேண்டிய கடமை படத்துக்கு இல்லை.

யமமோட்டோ புகைப்படங்களோடு வாழ்ந்தவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜெர்மனியின் ஆகஸ்ட் ஸாண்டர் எடுத்த உழைப்பாளர்களின், நாடோடிகளின் உருவப்படங்களை அவர் எப்படிப் பக்கம் பக்கமாகப் புரட்டி ரசிக்கிறார் என்பதை 1989இல் திரைப்பட இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்த ஆவணப்படத்தில் காணலாம். அந்த மனிதர்கள் தங்கள் உடையை உடுத்தியிருக்கவில்லை, உடைக்குள் வாழ்ந்தார்கள் என்பது அவருடைய வியப்பு. ஸாண்டரின் படங்களில் முகமும் உடையும் பிரிக்க முடியாதவை. அவற்றை நேசித்த ஒருவர் நைட்டின் முகமற்ற படத்தையும் ஏற்றார் என்பதில் எனக்கு முரண் தெரியவில்லை. இரண்டிலும் ஒருவர் நிற்கும் விதமே பேசுகிறது. செம்பருத்தி இதை ஏற்க மாட்டார் என்பதும் தெரியும். அந்த மறுப்பு இந்த இழையில் அப்படியே இருக்கட்டும்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

தைத்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் எட்டு மீட்டர் சிவப்பு வலையை எடுத்து, ஒரு முழப் பட்டியில் சுருக்கு வைத்துத் தைத்தேன். பட்டியருகே சுருக்கு தடித்து, ஊசி இரண்டு முறை முறிந்தது. பழைய கறுப்புக் கோட்டு ஒன்றின் பின்பிளவில் அந்தப் பட்டியைக் கையால் குத்திப் பிடித்து, என் மகளை உடுத்தச் செய்து, மாலை நான்கு மணிக்கு மேற்குப்புறச் சன்னலுக்கு முன்னால் நிறுத்தினேன். இருட்டறை அவர்கள் சொன்னபடியே நடந்தது. கோட்டு இருண்டது, நான் ஆண்டுக்கணக்காகத் தொட்ட துணி என் கண்முன்னே தட்டையாகி ஒரு வடிவமாக மட்டும் நின்றது. வலை ஒளிர்ந்தது. ஆனால் ஓரத்தில் ஒற்றை அடுக்காக இருந்த இடம் சிவப்பாக இல்லை, ரோஜா நிறமாக வெளிறிப்போயிற்று. நான்கைந்து அடுக்கு சேர்ந்த இடத்தில்தான் படத்தில் உள்ளதைப் போன்ற சிவப்பு வந்தது. யமமோட்டோவின் கோட்டில் எவ்வளவு வலை போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

மகள் நிமிர்ந்து நின்றபோது வலை கீழ்நோக்கிச் சரிந்தது. எதையோ எடுக்க இடுப்பிலிருந்து சற்று முன்னே சாய்ந்தாள். பின்பக்கம் முழுவதும் மயில் தோகை எழுவதுபோல் எழுந்து நின்றது. நிமிர்ந்ததும் மறுபடி அடங்கியது. உடுத்தியவர் அசையாமல் இந்த உடை முழுமையடையாது. செம்பருத்தி அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தத் தோகையை எழுப்பி நிறுத்தியவர் ஸேரா விங்கேட்.

சுருக்குக்குப் பதிலாகச் சேலைக் கொசுவம்போல் ஒரே பக்கமாக மடித்துத் தைத்தால் பட்டியருகே தடிப்பு குறையும் என்று நினைக்கிறேன். சிவப்பு வலை தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை துணிக்கடைக்குப் போய் இன்னும் பன்னிரண்டு மீட்டர் வாங்கி வருகிறேன்.